கடலுக்கு முப்பது நிமிடம்

சிமெந்து பில்லின் பின்பக்கத்தில்
கடலுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பொகவந்தலாவையில் விடியக்காலை இரண்டுக்கு வேன்.
கினிகத்தேனை வளைவுகளில்
ராசலெட்சுமி அத்தை வாந்தி எடுக்கப் பத்து நிமிடம்.
"எனக்கு ரெண்டு தடவ எழுதுடா" என்று
அவவே சொல்லிவிட்டா.
கித்துல்கலயில் தேத்தண்ணி.
ஏழரைக்குக் கொழும்பு.
இரண்டு மணிக்குத் திரும்பவேண்டும்,
இருட்ட முந்தி மலை ஏறினால்தான்
நிஹால் வேன் எடுப்பானாம்.

இடையில் ஆறரை மணித்தியாலம்.
தெஹிவளையில் மிருகங்களுக்கு மூன்று.
புறக்கோட்டையில் துணிக்கு இரண்டு.
கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அரை
(சாமி எந்தச் சாமியானாலும்
தங்கச்சி விடமாட்டாள்).
சோற்றுப் பார்சலுக்கு அரை.
கடலுக்கு மிச்சம் முப்பது நிமிடம்.
இடையில் ஓடுகிற நேரத்தை நான் கூட்டவில்லை.
கூட்டினால் கடலே இல்லை.

ஒவ்வொரு இரவும்
தண்ணித் தொட்டிமேல் ஏறி நின்று
சந்திரலதா எடுப்பாள். அங்கேதான் சிக்னல்.
பதினாலு பேரின் கேள்விகளும்
அவள் வாய்வழியாக இறங்கும்.
நனைஞ்ச உடுப்ப எங்க மாத்துறது?
கக்கூசுக்குக் காசா?
உப்பு கழுவக் குழாய் இருக்கா?
பின்னாலிருந்து சின்னவன் தினூஷன் கத்துவான்:
"மாமா, கடல்ல அட்டை இருக்குமா?"
இல்லை என்றேன்.
ஆறு வருசமாக இந்த நகரத்தில் இருப்பவன்
வேறென்ன சொல்வது?
கடலை எனக்கு பஸ்ஸிலிருந்து தெரியும்.
காலி வீதியில், சந்துக்குச் சந்து முடிவில்,
யாரோ நீலத் தகரம் சாத்தி வைத்த மாதிரி.

போயாவுக்கு வந்தால் பேர் போகாது.
ஆனால் போயாவுக்கு முழு நாடும் அங்கேதான் நிற்கும்.
வேலைநாள் என்றால் பதினாலில் ஒன்பது பேருக்குப்
பேர் விழாது.
காய்ச்சலோடும் கொழுந்து நிறுத்துப் போட்ட அத்தை
போனைப் பிடுங்கிச் சொன்னா:
"ஒரு பேர்தானே, கடல்லயே போகட்டும்."

செவ்வாய்க்கிழமை
கடை திறக்க முந்தி நூறாம் இலக்க பஸ் ஏறி
வெள்ளவத்தையில் இறங்கினேன், ஒத்திகைக்கு.
வேன் நிறுத்தக்கூடிய இடத்திலிருந்து
தண்ணீருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
அத்தையின் முழங்காலுக்கு முந்நூறு என்று குறித்தேன்.
நடுவில் தண்டவாளம்.
பாணந்துறை ரயில், வாசலெல்லாம் ஆட்களைத் தொங்கவிட்டு,
நான் எண்ணியதைக் கலைத்துவிட்டுப் போனது.
திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

ஒரே ஒரு குழாய். அரை அங்குலம்.
மூடினாலும் மூடாது. வாசர் தேய்ந்துவிட்டது.
பழைய சோனகத்தெருவில்
நாளுக்கு ஐம்பது வாசர் விற்கிறவன்
சட்டைப்பையில் ஒன்றுகூட இல்லாமல் நின்றேன்.

பிறகு அட்டை விசயம்.
காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன்.
காலுக்கடியில் மணல் நழுவியபோது
எங்கள் ரோட்டில் மண் சரிகிற ஞாபகம் வந்து
பாறையைப் பிடித்துக்கொண்டேன்.
அது சரிந்தது, திரும்பி வந்தது,
அவ்வளவுதான்.
நூறு எண்ணிவிட்டு
விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
எதற்கும் இன்னொரு நூறு எண்ணினேன்.
அதற்குப் பிறகு எண்ணினேனா என்று
சரியாகச் சொல்லமுடியாது.

கடைக்குப் போகையில் பத்தரை.
ரவூப் ஹாஜியார் என் காற்சட்டையைப் பார்த்தார்,
மணிக்கூட்டைப் பார்த்தார்,
அரைநாள் வெட்டினார்.
அரைப் பேர்.
மலையை விட்டு வந்த பிறகு முதல் தடவை.

அடுத்த நாள் இருட்டோடு போய்
ஸ்பெனரால் கழற்றிப் புது வாசர் போட்டேன்.
ஒரு கிழவர் தேங்காய்ப்பூத் துவாயோடு நின்று
நகரசபையா என்று சிங்களத்தில் கேட்டார்.
ஓம் என்றேன்.

இரவு சந்திரலதா:
"போய்ப் பாத்தியாமே, கடல் எப்பிடி?"
"குழாய் சரி" என்றேன்.

இப்போது மேலே ஒரு கிழமையாக மழை.
நோர்வூட் பக்கம் பாதை பாதிதானாம்.
நிஹால் அடுத்த மாதம் என்கிறான்.
புது பில்லைத் திருப்பி எழுதுகிறேன்:
மிருகங்களுக்கு ஒன்றரை. துணிக்கு ஒன்று.
அந்தோனியாரை வேனிலிருந்தே கும்பிடலாம்.
அத்தைக்கு ரெண்டு தடவை,
அதில் கை வைக்கவில்லை.